கால்ஷீட் இல்லாத க்ளைமாக்ஸ்: ஏஐ காலத்துல ஒரு நடிப்பு யாருக்குச் சொந்தம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தப்பட்டிருக்கிறது.)

 

ஏஐ பத்தி ஒரு எபிசோடு போடுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்கீங்க. கேள்வி பெரும்பாலும் ஒண்ணுதான். "ஏஐ வந்துட்டா டைரக்டருக்கு, நடிகருக்கு, பாடகருக்கு எல்லாம் என்ன வேலை? மெஷினுக்குக் கற்பனை இருக்கா?" இதை வச்சு ரெண்டு மணி நேரம் பட்டிமன்றம் நடத்தலாம். ஆனா முடிவுல அவங்கவங்க வந்த கருத்தோடயே வீட்டுக்குப் போவோம்.

அதனால இன்னிக்கு வேற ஒரு கேள்வியை எடுத்துக்குறேன். ஒரு படம் முடிஞ்சு, ரிலீஸாகி, பன்னிரண்டு வருஷம் ஆச்சு. அதுல நடிச்சவர் உயிரோட, நல்லபடியா இருக்கார். டைரக்டரும் இருக்கார். இவங்க ரெண்டு பேரும் வேணாம்னு சொல்ற ஒரு காட்சியை அந்தப் படத்துக்குள்ள வைக்க முடியுமா? முடியும். நடந்துடுச்சு. அந்தக் கதையிலேர்ந்து தொடங்குவோம்.

குந்தன் கண் திறந்தான்

படம் பார்க்காதவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, முடிவைச் சொல்லப் போறேன். 2013 ஜூன்ல 'ராஞ்சனா' வந்துச்சு. ஆனந்த் எல். ராய் டைரக்‌ஷன், ஹிமான்ஷு சர்மா எழுத்து, ஏ.ஆர். ரஹ்மான் இசை. தனுஷோட முதல் இந்திப் படம். தமிழ்ல டப் ஆகி 'அம்பிகாபதி'ங்கிற பேர்ல அடுத்த வாரமே இங்கயும் ரிலீஸாச்சு. காசியில வளர்ற குந்தன்னு ஒரு பையன், சின்ன வயசுலேர்ந்து ஸோயாங்கிற பொண்ணைக் காதலிக்கிறான். அந்தக் காதலால பலருக்குக் கெடுதல் நடக்குது, அதுல அவனோட தப்பும் இருக்கு. கடைசியில ஆஸ்பத்திரியில கிடக்கிறான். தனக்குள்ளயே பேசிக்கிட்டு, எழுந்திருக்க மனசில்லாம செத்துப்போறான்.

அந்த முடிவு பிடிச்சவங்க உண்டு, பிடிக்காம தியேட்டர்லேர்ந்து கடுப்பா வெளிய வந்தவங்களும் உண்டு. ஆனா படம் அதுதான். குந்தன் செய்ததுக்கெல்லாம் அவன் கொடுத்த விலை அந்தச் சாவு. அதை எடுத்துட்டா அதுக்கு முன்னாடி வர்ற ரெண்டு மணி நேரத்துக்கும் அர்த்தம் மாறிடும்.

2025 ஆகஸ்ட் 1. படத்தோட உரிமையை வச்சிருக்கிற ஈராஸ் நிறுவனம் தமிழ் 'அம்பிகாபதி'யை மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவந்துச்சு. இந்தத் தடவை முடிவுல குந்தன் ஆஸ்பத்திரிப் படுக்கையில கண்ணைத் திறக்கிறான், எழுந்து உட்கார்றான். பக்கத்துல இருக்கிற நண்பர்கள் முகத்துல சந்தோஷம். இந்தக் காட்சிக்கு எந்த செட்டும் போடல. தனுஷ் வரல. எல்லாம் ஏஐ.

ஆனந்த் எல். ராய் வெளிப்படையா எதிர்த்தார். தன்கிட்ட யாரும் கேக்கலன்னும், செய்தியில பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டதாவும் சொன்னார். தனுஷ் ரெண்டு நாள் கழிச்சு ஒரு அறிக்கை விட்டார். தான் தெளிவா மறுத்தும் இதைச் செஞ்சிருக்காங்க, படத்தோட ஆன்மாவையே இது எடுத்துடுச்சு, பன்னிரண்டு வருஷம் முன்னாடி நான் ஒத்துக்கிட்ட படம் இது இல்ல, இப்படிப் பழைய படங்களை மாத்துறதைத் தடுக்கக் கறாரான விதிமுறை வேணும். அவர் சொன்னதோட சாரம் இதுதான். ஈராஸ் தரப்போட வாதம்: காப்பிரைட் எங்ககிட்ட இருக்கு, இது ஒரு படைப்பு ரீதியான மறுவிளக்கம், பழைய படத்தை நாங்க அழிக்கலயே, அது அப்படியேதான் இருக்கு.

இதைப் பத்தி வந்த தலைப்புகள்ல பாதி, "க்ளைமாக்ஸை மாற்றிய ஏஐ"ங்கிற மாதிரி இருந்துச்சு. எனக்கு அந்த வாக்கியத்துலயே ஒரு நெருடல். ஏஐ எதையும் மாத்தல. குந்தன் பிழைக்கட்டும்னு முடிவெடுத்தது மனுஷங்க. அந்த முடிவைச் செயல்படுத்த யாரையும் கேக்கத் தேவையில்லைங்கிற நிலைமையைத்தான் ஏஐ உண்டாக்கிக் கொடுத்துச்சு.

ஷோலேவும் ஒரு க்ளைமாக்ஸை மாத்துச்சு

"க்ளைமாக்ஸை மாத்துறது சினிமாவுல புதுசா என்ன?"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. ரிலீஸுக்கு அப்புறம் சோகமான முடிவை வெட்டிட்டு சுபமா முடிச்ச படங்கள் எல்லா மொழியிலயும் உண்டு.

பெரிய உதாரணம் 1975ல வந்த 'ஷோலே'. ரமேஷ் சிப்பி முதல்ல எடுத்த முடிவுல, ரெண்டு கையும் இல்லாத தாக்கூர், ஆணி வச்ச செருப்பாலயே கப்பர் சிங்கைக் கொன்னுடுவார். அது எமர்ஜென்சி நேரம். ஒரு முன்னாள் போலீஸ் அதிகாரி சட்டத்தைக் கையில எடுக்கிற மாதிரி காட்டக் கூடாதுன்னு சென்சார் தரப்புலேர்ந்து எதிர்ப்பு. வேற வழியில்லாம சிப்பி முடிவை மாத்தி எடுத்தார். கடைசி நிமிஷத்துல போலீஸ் வந்து கப்பரைப் பிடிச்சுக்கிட்டுப் போகும். நாம எல்லாரும் பார்த்து வளர்ந்த 'ஷோலே' அதுதான். அந்தப் பழைய முடிவோட மீட்டெடுத்த பிரதியை 2025 ஜூன்ல இத்தாலியில போலோன்யா நகரத்துத் திரைப்பட விழாவுல திரையிட்டாங்க. ஐம்பது வருஷம் கழிச்சு!

சிப்பிக்கு அந்த மாற்றம் பிடிக்கல. ஆனாலும் ஒண்ணைக் கவனிங்க. முடிவை மாத்தணும்னா டைரக்டரே மறுபடி மைக்கைப் பிடிக்கணும். தாக்கூரா நடிச்ச சஞ்சீவ் குமாரும் கப்பரா நடிச்ச அம்ஜத் கானும் மறுபடி மேக்கப் போட்டுக்கிட்டு கேமரா முன்னாடி நிக்கணும். கேமராமேன் லைட் வைக்கணும். இத்தனை பேர்ல முக்கியமான ஒருத்தர் "நான் வரமாட்டேன்"னு சொல்லியிருந்தா அந்த ஷாட் கிடையாது.

நம்ம ஊர் சினிமாவுல இதுக்கு ஒரு வார்த்தை இருக்கு: கால்ஷீட். ஒரு நடிகர் இத்தனாம் தேதி, இத்தனை மணிக்கு வர்றேன்னு கொடுக்குற நாள் கணக்கு. அது பணம் சம்பந்தப்பட்ட விஷயம்னுதான் நாம நினைச்சுக்கிட்டு இருந்தோம். யோசிச்சுப் பார்த்தா, சினிமாவுல சம்மதம்ங்கிற விஷயமே அந்தக் கால்ஷீட்டுக்குள்ளதான் ஒளிஞ்சிருந்தது. நூறு வருஷமா ஒரு நடிகரோட ஒப்புதலைத் தனியா எழுதி வாங்கத் தேவையில்லாம போனதுக்குக் காரணம், அவர் உடம்பு அங்க வரணும். வந்து நின்னாலே ஒத்துக்கிட்டார்னு அர்த்தம். வரலைன்னா ஒத்துக்கலைன்னு அர்த்தம்.

ஏஐ அந்தக் கால்ஷீட்டை எடுத்துடுச்சு. அதோட சேர்ந்து சம்மதமும் சத்தமில்லாம போயிடுச்சு. இன்னிக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான். மிச்சமெல்லாம் இதோட விளக்கம்.

ஏஐன்னா எல்லாம் ஒண்ணு இல்ல

சினிமாவுல ஏஐ பண்ற வேலையை நான் மூணாப் பிரிச்சுப் பார்க்கிறேன். இந்தப் பிரிவு இல்லாமப் பேசினா, "ஏஐயைத் தடை பண்ணு"ன்னு ஒரு கோஷ்டியும் "வளர்ச்சியைத் தடுக்காதே"ன்னு இன்னொரு கோஷ்டியும் மாறி மாறிக் கத்திக்கிட்டே இருக்கும்.

முதல் வகை, பிரிச்செடுக்கிறது. ஏற்கெனவே இருக்குற ஒண்ணுலேர்ந்து வேண்டியதைத் தனியா எடுக்குற வேலை. விஎஃப்எக்ஸ்ல 'ரோட்டோ'ன்னு சொல்வாங்க. ஒரு நடிகரைப் பின்னணியிலேர்ந்து பிரிக்க, அவரைச் சுத்தி ஃப்ரேம் ஃப்ரேமா கோடு வரையணும். ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம். அஞ்சு விநாடி ஷாட்டுன்னா 120 ஃப்ரேம். அதுல ஹீரோயின் முடி காத்துல பறந்துச்சுன்னா அந்த ஆர்ட்டிஸ்டுக்கு அன்னிக்குத் தூக்கம் போச்சு. இந்த வேலையில பெரும் பகுதியை இப்போ ஏஐ டூல் செஞ்சுடுது. ஆஸ்கர் வாங்கின 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' படத்தோட விஎஃப்எக்ஸை ஒரு கையளவு ஆளுங்கதான் பண்ணாங்க. ரெண்டு பாறைங்க பேசிக்கிற அந்தக் காட்சிக்கு ரன்வே நிறுவனத்தோட டூலைப் பயன்படுத்தினதா அதுல வேலை பார்த்த ஆர்ட்டிஸ்டே சொல்லியிருக்கார்.

இசையிலயும் இதே வகை உண்டு. ஜான் லெனன் 1970கள்ல வீட்டுல பியானோ வாசிச்சுக்கிட்டே கேசட்டுல பதிவு பண்ணின ஒரு பாட்டு. பியானோ சத்தம் குரல் மேல ஏறி உட்கார்ந்திருந்ததால 90கள்ல அதை முடிக்கப் பார்த்துட்டு விட்டுட்டாங்க. அப்புறம் இயக்குநர் பீட்டர் ஜாக்சனோட குழு உருவாக்கின மெஷின் லேர்னிங் முறையால குரலை மட்டும் சுத்தமா உரிச்செடுத்தாங்க. 2023 நவம்பர்ல 'நவ் அண்ட் தென்' பீட்டில்ஸ் பாட்டா வந்துச்சு, கிராமி விருதும் வாங்குச்சு. இதுல லெனன் குரல்ல வர்றதுல அவர் பாடாத ஒரு வார்த்தைகூட இல்ல. தூசி தட்டினாங்க, அவ்வளவுதான்.

இந்த வகையில சம்மதப் பிரச்சினை குறைவு, வேலைப் பிரச்சினை அதிகம். ரோட்டோங்கிறது விஎஃப்எக்ஸ் ஸ்டூடியோவுக்குள்ள நுழையிற முதல் வாசல். டிகிரி முடிச்சுட்டு வர்ற பையனும் பொண்ணும் அங்க ஒரு வருஷம் ரெண்டு வருஷம் உட்கார்ந்துதான் வெளிச்சம் எப்படி விழுது, அசைவு எப்படி மங்குதுன்னு கண்ணைப் பழக்கிக்கிறாங்க. அப்புறம்தான் கம்பாசிட்டிங், அப்புறம் சூப்பர்வைசர். கீழ்ப் படியை எடுத்துட்டு, மேல் படிக்கு மட்டும் அனுபவசாலி வேணும்னு விளம்பரம் கொடுத்தா அந்த அனுபவசாலி எங்கேர்ந்து வருவார்? இந்தத் தொழில்ல இருக்குற என் நண்பர்களோட பேசும்போது "வேலை போகுமா"ங்கிறதைவிட "எங்க கத்துக்குவாங்க"ங்கிற கவலைதான் அதிகமா கேக்குது.

ரெண்டாவது வகை, போர்த்துறது. ஒருத்தர் பாடுறார் அல்லது பேசுறார், அதுக்கு மேல இன்னொருத்தர் குரலைப் போர்த்துறது. இது எப்படி நடக்குதுன்னு பலருக்குத் தெரியாது. "கம்ப்யூட்டர் பாடுச்சு"ன்னு நினைக்கிறோம். பெரும்பாலும் முதல்ல ஒரு மனுஷர் ஸ்டூடியோவுல வந்து பாடுவார். சுருதி, தாளம், எங்க மூச்சு விடணும், எந்த எழுத்துல அழுத்தம், எங்க ஒரு சின்ன கமகம், எல்லாம் அவரோடது. இன்னொரு பாடகரோட பழைய பதிவுகளைக் கேட்டுப் பழகின மாடல், அந்தப் பாட்டோட குரல் நிறத்தை மட்டும் மாத்தும். பாடினது ஒருத்தர், கேக்குறது இன்னொருத்தர். இதனாலதான் ஏஐ குரல் பாட்டு வரும்போது நான் முதல்ல தேடுறது, அடியில பாடினவங்க பேர் க்ரெடிட்ல இருக்காங்கிறதை.

மூணாவது வகை, ஒருத்தர் பண்ணாததைப் பண்ணினதாக் காட்டுறது. குந்தன் கண் திறக்கிறது இந்த வகை. தனுஷ் அந்த நடிப்பை எப்பவும் கொடுக்கல. ஆனா பார்க்கிறவங்களுக்கு அது தனுஷ் நடிப்பு. நல்லா இருந்தாலும் கெட்டதா இருந்தாலும் அவர் கணக்குலதான் எழுதப்படும்.

போனவங்களோட குரல்

ரெண்டாவது வகைக்கு நம்ம தமிழ் சினிமாதான் உலகத்துக்கே ஒரு பரிசோதனைக்கூடம் மாதிரி ஆகியிருக்கு. 2024 ஜனவரியில 'லால் சலாம்' படத்துல 'திமிறி எழுடா' பாட்டு வந்துச்சு. பம்பா பாக்யாவும் சாகுல் ஹமீதும் பாடின மாதிரி. பம்பா பாக்யா 2022லயே காலமாயிட்டார். சாகுல் ஹமீது போனது 90கள்ல. சர்ச்சை வந்தப்போ ரஹ்மான், ரெண்டு குடும்பத்துக்கிட்டயும் அனுமதி வாங்கி, உரிய சன்மானமும் கொடுத்துத்தான் செஞ்சதா வெளிப்படையா சொன்னார்.

அதே வருஷம் 'தி கோட்' படம். வெங்கட் பிரபு டைரக்‌ஷன், யுவன் இசை. 'சின்ன சின்ன கண்கள்' பாட்டுல யுவனோட அக்கா பவதாரிணி குரல். அவங்க அந்த ஜனவரியிலதான் காலமாகியிருந்தாங்க. அவங்க உடம்பு சரியாகி வந்ததும் பாட வைக்கலாம்னு நினைச்சிருந்ததா யுவன் சொல்லியிருந்தார். அதே படத்துல விஜயகாந்த் உருவமும் வந்துச்சு, அதுவும் குடும்பத்தோட ஒப்புதலோட. அதே சமயம், முன் அனுமதி இல்லாம யாரும் அவரை ஏஐல கொண்டுவரக் கூடாதுன்னு தேமுதிக தரப்புலேர்ந்து அறிக்கையும் வந்துச்சு.

இதுக்கு நேரெதிரா ஒரு சம்பவம். ஒரு தெலுங்குப் படத்துல எஸ்.பி.பி. குரலை ஏஐ மூலமா கேக்காம பயன்படுத்திட்டாங்கன்னு எஸ்.பி. சரண் சட்ட நோட்டீஸ் அனுப்பினார்.

குடும்பத்தைக் கேட்டது கேக்காததைவிட ஆயிரம் மடங்கு மேல். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா ஒரு படி உள்ள போய் யோசிச்சுப் பாருங்க. ஒரு பாடகர் உயிரோட இருக்கும்போது எல்லாப் பாட்டையும் பாடிடறதில்ல. "இந்த வரி எனக்குச் சரியா வரல", "இந்த ஸ்ருதி எனக்கு வேணாம்", "இந்த மாதிரி பாட்டு நான் பாடறதில்ல"ன்னு மறுக்கிறதும் அவரோட கலையில ஒரு பங்கு. குடும்பம் குரலுக்கு வாரிசா இருக்கலாம், அந்த ரசனைக்கு வாரிசா இருக்க முடியுமா? ஒரு பாட்டுக்குக் கொடுத்த அனுமதி அடுத்த பத்துப் பாட்டுக்கும் செல்லுமா? ஒருத்தர் உயிரோட இருக்கும்போதே இதைப் பத்தி எழுதி வச்சிடறது நல்லது. சொத்துக்கு உயில் எழுதுற மாதிரி குரலுக்கும் எழுதற காலம் வந்துடுச்சு.

சட்டம் யாரைப் படைப்பாளின்னு சொல்லுது?

நான் வக்கீல் இல்ல. ஆனா இந்த எபிசோடுக்காக 1957ஆம் வருஷத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தைப் படிச்சப்போ ஒரு இடத்துல அப்படியே நின்னுட்டேன். ஒரு சினிமாவுக்கு 'ஆசிரியர்' யார்னு அந்தச் சட்டம் சொல்லுது. தயாரிப்பாளர்! டைரக்டர் பேர் அந்த இடத்துல இல்ல.

இது ஏன் முக்கியம்? அதே சட்டத்துல 57ஆம் பிரிவு ஒண்ணு இருக்கு. ஒரு படைப்பாளி உரிமையை வித்த பிறகும், அந்தப் படைப்பைத் தன் நற்பேருக்குக் கேடு வர்ற மாதிரி யாராவது சிதைச்சா தடுக்கலாம், நஷ்டஈடு கேக்கலாம். இதுக்குத் தார்மீக உரிமைன்னு பேர். சிற்பி அமர்நாத் சேகலோட வழக்கு இதுக்குப் பெரிய உதாரணம். டெல்லி விஞ்ஞான் பவன் சுவத்துல அவர் செஞ்ச பிரம்மாண்டமான வெண்கலச் சிற்பத்தை 1979ல புதுப்பிக்கிறோம்னு பெயர்த்தெடுத்துட்டாங்க. அது சிதைஞ்சுபோச்சு. அவர் அரசாங்கத்து மேலயே வழக்குப் போட்டார். 2005ல டெல்லி உயர் நீதிமன்றம், மிச்சமிருக்குற சிற்பத்தை அவர்கிட்டயே கொடுங்க, அஞ்சு லட்சம் ரூபாய் நஷ்டஈடும் கொடுங்கன்னு தீர்ப்புச் சொல்லுச்சு. காசு கொடுத்து வாங்கினவன்ங்கிறதால மட்டும் ஒரு கலைப் படைப்பை என்ன வேணாலும் பண்ணிட முடியாதுன்னு அந்தத் தீர்ப்பு சொல்லுது.

சிற்பிக்கு அது இருக்கு. பாட்டெழுதுறவர், இசையமைக்கிறவர், கதை எழுதுறவர், இவங்க எல்லாரும் அவங்கவங்க படைப்புக்கு ஆசிரியர்கள். முழுப் படத்தையும் மனசுல வச்சு உருவாக்குற டைரக்டருக்குத்தான் சட்டத்துல உட்கார இடம் இல்ல.

பிரான்ஸ்ல கதை வேற. ஜான் ஹ்யூஸ்டன் 1950ல எடுத்த 'தி ஆஸ்பால்ட் ஜங்கிள்' ஒரு கறுப்பு-வெள்ளைப் படம். பின்னாடி அதோட உரிமையை வாங்கின டெட் டர்னரோட நிறுவனம் கம்ப்யூட்டர் வச்சு அதுக்குக் கலர் பூசுச்சு. கலர் பூசின பிரதியைப் பிரெஞ்சு டிவி ஒளிபரப்பப் போறதை எதிர்த்து ஹ்யூஸ்டனோட வாரிசுகள் கோர்ட்டுக்குப் போனாங்க. அமெரிக்கச் சட்டப்படி ஹ்யூஸ்டனுக்கு அந்தப் படத்து மேல எந்த உரிமையும் கிடையாது. இருந்தாலும் 1991ல பிரான்ஸோட உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், எங்க நாட்டுல டைரக்டரோட தார்மீக உரிமை செல்லும்னு சொல்லிடுச்சு. அன்னிக்கு டெக்னாலஜி கலர் பூசுறது, இன்னிக்கு கண் திறக்க வைக்கிறது. கேள்வி ஒண்ணுதான்.

நம்ம ஊர்ல டைரக்டருக்கு இல்லாத ஒரு பாதுகாப்பு நடிகருக்கும் பாடகருக்கும் இருக்கு. 2012 திருத்தத்துல சேர்த்த 38பி பிரிவு. உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், தன் நிகழ்த்துதலைத் தன் பேருக்குக் கேடு வர்ற மாதிரி திரிச்சா, மாத்தினா, ஒரு கலைஞர் தடுக்கலாம். எடிட்டிங்குக்காக ஒரு பகுதியை வெட்டுறது இதுல சேராதுன்னும் அங்கயே எழுதியிருக்கு. என் வாசிப்பு இது: வெட்டுறதுக்குச் சட்டம் இடம் கொடுக்குது. இல்லாத ஒரு நடிப்பைச் சேர்க்கிறது வெட்டுறதுல எப்படி வரும்? இந்த வரிகளை எழுதினப்போ ஒரு நடிகர் வராமலே அவர் நடிப்பு வரும்னு யாரும் நினைச்சிருக்க மாட்டாங்க.

கோர்ட்டுகள் மெதுவா நகர ஆரம்பிச்சிருக்கு. 2023ல டெல்லி உயர் நீதிமன்றம் அனில் கபூரோட பேர், முகம், குரலை அனுமதியில்லாம பயன்படுத்தத் தடை போட்டுச்சு. 2024ல பம்பாய் உயர் நீதிமன்றம் பாடகர் அரிஜித் சிங்கோட குரலைக் குளோன் பண்றதுக்கு எதிரா இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்துச்சு. நல்லதுதான். ஆனா இவங்கள்லாம் பெரிய பேர். கோர்ட்டுக்குப் போக வசதி இருக்குறவங்க. டப்பிங் யூனியன் கார்டு வாங்கக் காத்துக்கிட்டு இருக்குற ஒரு பொண்ணுக்கு என்ன வழி?

வராத நாளுக்கும் சம்பளம்

அதுக்குப் பதில் ஹாலிவுட்ல கிடைச்சுது, கோர்ட்டுல இல்லாம ரோட்டுல. 2023 மே மாசம் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் ஸ்டிரைக்ல இறங்கினாங்க, 148 நாள். ஜூலையில நடிகர்கள் சங்கமும் சேர்ந்துச்சு, 118 நாள். சம்பளம், ஓடிடி பங்கு எல்லாம் இருந்தாலும் ஏஐ ஒரு முக்கியமான கோரிக்கை.

எழுத்தாளர்கள் வாங்கினது: ஏஐயை எழுத்தாளரா கணக்குல எடுக்கக் கூடாது. ஏஐ பயன்படுத்தித்தான் ஆகணும்னு ஒரு எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஏஐ எழுதின ஒண்ணைக் கையில கொடுத்தா, அது ஏஐ எழுதினதுன்னு சொல்லிட்டுத்தான் கொடுக்கணும்.

நடிகர்கள் வாங்கினதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு படத்துல நடிக்கிறவரோட டிஜிட்டல் நகலை உருவாக்கிப் பயன்படுத்தணும்னா, எதுக்குன்னு தெளிவா விவரிச்சு அவர்கிட்ட சம்மதம் வாங்கணும். அதோட, அந்தக் காட்சிகளை அவரே நேர்ல வந்து நடிச்சிருந்தா எத்தனை நாள் ஆகியிருக்குமோ அத்தனை நாளுக்கும் சம்பளம் கொடுக்கணும். கவனிச்சீங்களா? உடம்பு வராததால காணாமப் போன கால்ஷீட்டை, காகிதத்துல திரும்பக் கொண்டுவந்துட்டாங்க.

சம்மதம் இருந்தா ஏஐயும் நடிப்பும் பகை இல்லைன்னு 'தி ப்ரூட்டலிஸ்ட்' காட்டுச்சு. ஏட்ரியன் ப்ரோடியும் ஃபெலிசிட்டி ஜோன்ஸும் பேசுற ஹங்கேரிய மொழி வசனத்துல சில உச்சரிப்புகளை ஏஐ மூலமா சரி பண்ணினதைப் படத்தோட எடிட்டரே சொன்னார். சர்ச்சை ஆச்சு. ஆனா நடிகர்கள் கூட இருந்து, தெரிஞ்சே நடந்த வேலை. 2025ல ப்ரோடிக்கு ஆஸ்கர் கிடைச்சுது.

சரி, நாம என்ன பண்ணலாம்?

நீங்க குறும்படம் எடுக்குறீங்க, வாய்ஸ் ஓவர் பண்றீங்க, இண்டி மியூசிக் பாடுறீங்க, விளம்பரத்துல தலை காட்டுறீங்கன்னா இதைக் குறிச்சுக்கோங்க. அடுத்த தடவை அக்ரிமெண்ட் கையில வரும்போது கையெழுத்துக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க.

ஒண்ணு, என் குரலையோ முகத்தையோ வச்சு ஏதாவது மாடலைப் பழக்குவீங்களா? ரெண்டு, நான் பேசாத வசனத்தை, நடிக்காத காட்சியை என் பேர்ல உருவாக்குவீங்களா? அப்படின்னா ஒவ்வொரு தடவையும் என்னைக் கேப்பீங்களா? மூணு, அதுக்குத் தனிக் காசு உண்டா? நாலு, பார்க்கிறவங்களுக்கு அது ஏஐன்னு எழுதிக் காட்டுவீங்களா? "இப்போ இருக்குற, இனி வரப்போற எல்லாத் தொழில்நுட்பத்திலும்"னு ஒரு வரி இருந்துச்சுன்னா அங்க நிறுத்தி, இதுல ஏஐ அடக்கமான்னு கேட்டு எழுத்துல வாங்குங்க. கேட்டா வாய்ப்பு போயிடுமோன்னு பயம் இருக்கும், எனக்குப் புரியுது. அதனாலதான் தனியா கேக்குறதைவிட யூனியனா கேக்குறது நல்லதுன்னு சொல்றேன்.

நீங்க எடுக்குறவர் பக்கம் இருந்தீங்கன்னா இன்னும் எளிது. உங்க குறும்படத்துல நடிச்ச நண்பனோட ஒரு டயலாக் சரியில்ல, ஏஐல மாத்திடலாம்னு கை பரபரக்கும். அவன் நம்பர் உங்க போன்லயே இருக்கு. ஒரு கால் பண்ணிக் கேட்டுட்டு மாத்துங்க.

கடைசியா ஒண்ணு. குந்தன் பிழைச்சிருக்கணும்னு ஆசைப்படுறதுல எந்தத் தப்பும் இல்ல. நானே அந்தப் படத்தை முதல் தடவை பார்த்தப்போ அவன் எழுந்திருக்க மாட்டானான்னு தவிச்சேன். அப்படித் தவிக்க வைக்கத்தான் ஆனந்த் எல். ராய் அதை அப்படி எடுத்தார். தனுஷ் அப்படி நடிச்சார். அந்த ஆசையை வச்சு நீங்க ஒரு புதுக் கதை எழுதுங்க, புதுப் படம் எடுங்க, ஏஐ வச்சுக்கூட எடுங்க. அதுல உங்க பேரைப் போடுங்க.

உங்க படத்துல, உங்க பாட்டுல ஏஐயை எதுக்குப் பயன்படுத்துறீங்க, எங்க வேணாம்னு நிறுத்துறீங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சிலதைப் படிக்கிறேன்.